வாசல் முதல் வாசல் வரை: நெடுந்தூர விமானப் பயணத்தின் கணக்கு

நம் சங்க அங்கத்தினர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருக்கிறார்கள். பிரசவம், பேரனுக்கு ஆண்டு நிறைவு, புது வீட்டுக்குக் கிருகப்பிரவேசம் என்று யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டே இருக்கிறார். போய் வந்தவர்களைக் கேட்டால் "பிளேனில் இருபது, இருபத்திரண்டு மணி நேரம் சார்" என்பார்கள். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்த எனக்கு அந்தக் கணக்கு திருப்தி தருவதில்லை. வண்டி ஓடிய நேரம் வேறு, பிரயாணி வீட்டை விட்டுக் கிளம்பி மறு வீட்டில் செருப்பைக் கழற்றும் வரை ஆகும் நேரம் வேறு. உடம்பைப் படுத்துவது இரண்டாவது கணக்குத்தான்.

2023 நவம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் பிலாஸ்பூரிலிருந்து கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பயணத்தின் நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அரை மணி இப்படி அப்படி இருக்கலாம்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வாசலில் டாக்ஸி ஏறினோம். ராய்ப்பூர் விமான நிலையம் சேர 3 மணி நேரம். அங்கே 2 மணி நேரம் காத்திருப்பு. ராய்ப்பூர்–டில்லி 2 மணி. டில்லியில் 8 மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டில்லி–பிராங்க்பர்ட் 9 மணி. பிராங்க்பர்ட்டில் மூன்றரை மணி. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ பதினொன்றரை மணி. குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் 2 மணி. காரில் மகள் வீடு இரண்டரை மணி. கூட்டிப் பாருங்கள்: நாற்பத்து மூன்றரை மணி நேரம். இதில் விமானம் பறந்தது இருபத்திரண்டரை மணிதான். மீதி 21 மணி நேரம் தரையில் போனது.

வேடிக்கை என்னவென்றால், மகள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் அப்போது செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி. காலண்டரை நம்பினால் 30 மணி நேரப் பயணம். குளிர்காலத்தில் கலிபோர்னியா நமக்குப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருப்பதால் அந்த வித்தியாசம் கணக்கில் மறைந்துவிடுகிறது. உடம்பில் மறைவதில்லை.

இதைவிட நீண்ட பயணங்களை ரயிலில் நாம் சர்வ சாதாரணமாகச் செய்கிறோம். 2011-ல் தொடங்கிய திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் மூன்று நாள் போகிறவர் இறங்கும்போது அழுக்காக இருப்பாரே தவிர, ஆள் நிலைகுலைந்து போவதில்லை. காரணம் எளிது. ரயிலில் ஆறடிப் பலகையில் காலை நீட்டிப் படுக்கலாம், ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம், சூரியன் உதிக்கும் நேரத்தில் உதித்து மறையும் நேரத்தில் மறைகிறது. விமானத்தின் சாதாரண வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி பெரும்பாலும் 31, 32 அங்குலம். பிராங்க்பர்ட்டிலிருந்து நாங்கள் போனபோது சன்னலுக்கு வெளியே வெகுநேரம் பகலும் இல்லை, இரவும் இல்லை என்ற ஒரு மங்கல் வெளிச்சம். கிரீன்லாந்து மேலே போகிறோம் என்று திரை காட்டியது. மேற்கே போகிறவன் ஏன் வடக்கே போகிறான் என்று என் மனைவி கேட்டாள். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மிகக் குறுகிய வழி அந்தப் பனிப் பிரதேசம் வழியாகத்தான் போகும். சுவரில் மாட்டும் தட்டைப் படம் இதைக் காட்டாது.

ஆக, உட்கார்ந்தே இருப்பதும் இரவு பகல் குழம்புவதும்தான் நம்மை வாட்டுகின்றன. இவற்றோடு மூன்றாவதாக இணைப்புகளைப் பற்றிய கவலை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரயில்வேயின் கால அட்டவணையில் ஒரு தந்திரம் உண்டு. பாதை வேலை நடக்கும் இடங்களில் காஷன் ஆர்டர் கொடுத்து வேகத்தைக் குறைப்போம். அந்தத் தாமதத்துக்கென்று ஓட்ட நேரத்தோடு சில நிமிடங்களை முன்கூட்டியே சேர்த்திருப்பார்கள். மற்றத் தாமதங்களை ஈடுகட்ட, பிரிவின் கடைசியில் இன்னும் கொஞ்சம். கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு அரை மணி போட்டிருக்கிறார்களே என்று பிரயாணிகள் சிரிப்பது இதைப் பார்த்துத்தான். விமானப் பயணத்துக்கும் நாமே இப்படி உபரி நேரம் சேர்க்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சேர்ப்பதில் பயனில்லை. எந்த இணைப்பு தவறினால் அடுத்த வண்டி மறுநாள்தானோ, அதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். நமக்கு அந்த இடம் டில்லி. டிசம்பர், ஜனவரியில் அங்கே மூடுபனி இறங்கினால் உள்நாட்டு விமானம் எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 1-வது முனையத்தில் இறங்குகிறவர், வெளிநாட்டு விமானம் ஏற 3-வது முனையத்துக்குச் சாலை வழியாகச் சில கிலோமீட்டர் போகவும் வேண்டும்.

டிக்கெட்டை ராய்ப்பூரிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுப்பது மிக முக்கியம். அப்போது முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பொதுவாக நம் கைக்கு வராமலே கடைசி வரை போகும். அமெரிக்காவில் மட்டும், முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் என்று டில்லி வரை தனி டிக்கெட் எடுத்தால், தவறிய விமானத்தின் பணமும் போய், நடுராத்திரியில் புது டிக்கெட் வாங்க வேண்டியதுதான். வயதானவர்கள் அந்த மிச்சத்துக்கு ஆசைப்படக் கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

நேரடி விமானம் நல்லதா என்று கேட்பார்கள். ஏர் இந்தியா டில்லி–சான் பிரான்சிஸ்கோ நேரடி விமானத்தை 2015 டிசம்பரில் தொடங்கியது. இணைப்புக் கவலை இல்லை என்பது அதில் லாபம். ஏறக்குறைய பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை என்பது நஷ்டம். வான்வழி நம் கையில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019-ல் சில மாதங்கள் மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியபோது, மேற்கே போகும் பல விமானங்கள் சுற்றிப் போகவும் வழியில் எரிபொருளுக்காக இறங்கவும் நேர்ந்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி நடக்கும் பயணமே மேல் என்று நினைக்கிறேன்.

இனி கால்கள். இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

காலிலிருந்து இரத்தம் மேலே ஏற வேண்டும். இதயம் கீழே தள்ளிவிடுகிறதே தவிர, காலிலிருந்து மேலே ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் ஆடுசதைதான் செய்கிறது. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ஒரு பம்ப் மாதிரி வேலை செய்யும். இரத்தக் குழாய்க்குள் சிறு வால்வுகள் இருப்பதால் ஏறியது இறங்காது. மணிக்கணக்காக முழங்காலை மடக்கி அசையாமல் உட்கார்ந்தால் பம்ப் நிற்கிறது. தேங்கிய இரத்தம் சிலருக்கு உள்ளே உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இது விமானத்தால் வந்த நோய் அல்ல. 1940-ல் லண்டனில் குண்டு வீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கிடங்களில் இரவு முழுவதும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் இப்படி நுரையீரலில் கட்டி அடைத்துத் திடீரென இறந்ததை டாக்டர் கீத் சிம்ப்சன் அந்த ஆண்டே எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது. விமானம், ரயில், பஸ், கார் எதுவானாலும் அப்படியே. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பு ஒரு முறை கட்டி வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள் மட்டும் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சன்னல் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், தூங்கும் இரண்டு பேரை எழுப்பக் கூச்சப்பட்டே எழுந்திருக்க மாட்டோம். நம்மவர்களின் கூச்சம் எனக்குத் தெரியும். அரை மணிக்கு ஒரு முறை குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, இருபது தடவை செய்யுங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை கழிப்பறை வரையாவது நடந்து வாருங்கள். காலடியில் பையை வைத்து நீட்டும் இடத்தை அடைக்காதீர்கள். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை மருந்துக் கடைகளில் கிடைக்கும். காலை அளந்து, டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அது நம்மை மரக்கட்டையாக்கி ஒரே இடத்தில் கிடத்திவிடும். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் விழுங்குவதும் கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அபாயம் இறங்கியவுடன் முடிந்துவிடாது, சுமார் நாலு வாரம் வரை நீடிக்கும். நம் ஊர் அம்மாள் ஒருவர் டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் இடது ஆடுசதையில் வலி என்றார். மாடிப்படி ஏறியதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மருமகள்தான், "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கே அத்தை, டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மருந்தில் கரைந்து, நல்லபடியாகத் திரும்பி வந்து பொங்கல் விழாவில் கோலமும் போட்டார். இரண்டு காலும் சமமாக வீங்கினால் பெரும்பாலும் உட்கார்ந்த களைப்புதான், ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அன்றே டாக்டர். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல இருக்காது. சுமார் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பது போல, அதாவது கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. எட்டாயிரம் அடி அளவில் வயிற்றில் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ஆகவே கிளம்பும் நாள் சுண்டல், ராஜ்மா, உருளைக்கிழங்கு வேண்டாம். காற்று பாலைவனம் போல உலர்ந்தது என்பதால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம். சாப்பாட்டு விஷயத்தில் இன்னொன்று: அமெரிக்கா போகிறவர்கள் பெட்டியில் கறிவேப்பிலை வைக்கக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்று தடை செய்திருக்கிறார்கள். களைத்து இறங்கும் நேரத்தில் அதற்காகச் சுங்கத்தில் இன்னொரு மணி நேரம் நிற்பானேன்?

சக்கர நாற்காலி கேட்பதில் வெட்கம் வேண்டாம். குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கும், பெரிய நிலையத்தில் தனியாக வழி கண்டுபிடிக்கத் திணறும் வயதானவர்களுக்கும் அது பெரிய துணை. நன்றாக நடக்கக் கூடியவர்கள் வரிசையைத் தாண்டுவதற்காகக் கேட்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்குத்தான் அந்த நடை மிகவும் தேவை.

கடைசியாக உடம்பின் கடிகாரம். 1999-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்தபோது மனித உடம்பின் ஒரு நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. கொஞ்சம் பின்தங்கி ஓடும் கடிகாரம். அதனால் நாள் நீளும் மேற்குப் பயணம் எளிது, நாள் சுருங்கும் கிழக்குப் பயணம் கடினம். ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். லண்டன் போகிறவருக்கு ஐந்தாறு நாள். கலிபோர்னியாவோ கிட்டத்தட்ட பூமியின் மறுபக்கம், எந்தத் திசையில் திருகினாலும் பத்து நாளுக்குக் குறையாது. போன முதல் வாரம் நடுராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் எழுந்து காப்பி போட்டுக் குடித்தோம். பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும், காலையில் வெயிலில் ஒரு மணி நேரம் நடப்பதும், அந்த ஊர் வேளையில் சாப்பிடுவதும்தான் வழிக்குக் கொண்டு வந்தன. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் எந்த வேளையை எப்போது போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகள் எல்லாம் கைப்பையில், சீட்டோடு இருக்கட்டும், அடியில் போகும் பெட்டியில் வேண்டாம்.

திரும்பும்போது பயணத்தை டில்லியில் உடைத்தோம். அதிகாலை இறங்கி, ஓர் இரவு கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, மறுநாள் மதியம் ராய்ப்பூர் விமானம். மொத்தக் கணக்கு அறுபது மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. பிலாஸ்பூர் வாசலில் இறங்கியபோது என் மனைவியின் கணுக்காலில் வீக்கம் இல்லை. பெட்டியைத் திறக்கும் முன்பே பால்காரனைத் தேடிப் போய்விட்டாள்.