கார் மாதிரிமேல் பெரிய படம் ஒட்டுதல்



வீட்டில் பாட்டியின் பழைய சிங்கர் தையல் மெஷின் இருந்தால் அதன் கறுப்பு உடம்பை உற்றுப் பாருங்கள். தங்க நிறத்தில் ஓடும் அந்தப் பூவேலை தாளில் அச்சிட்டு, இரும்பின்மேல் மாற்றி, பின் தாளை நீக்கிவிட்ட படமாகும். இவ்வகைப் படத்துக்கு டீகால் என்று பெயர். 'டெகால்கோமானி' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. தண்ணீரில் நனைத்தால் தாளைவிட்டு வழுக்கி இறங்கும் வகையைத்தான் இன்று சிறு கார் மாதிரிகளுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் வகுப்பின் கண்காட்சிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பந்தயக் காரின் மாதிரி. எங்களுள் ஒருத்தியின் மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. உண்மைக் காரில் 24இல் ஒரு பங்கு அளவு. அதாவது 430 செ.மீ. நீளக் கார் 18 செ.மீ. ஆகிவிடும். பந்தயக் காருக்கு எண்ணும் பட்டையும்தான் முகம். 2005 மார்ச்சில் மெல்போர்னில், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவருடைய மஞ்சள் ஜோர்டான் கார் தாங்கிய எண் 19. அந்த எண்ணை அழித்துவிட்டால் அது யாருடைய கார் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் காரின் பானட் முழுவதையும் மூடும் படம் 7 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்டது. பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. கிழிந்தால் கமுதியில் வேறொன்று வாங்க வழியில்லை. ஆகவே தேவைப்படாத சிறு படங்களைப் பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒட்டிப் பழகிய பிறகே பெரியதைத் தொட்டோம்.

படத்தின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். அடியில் தாள், அதன்மேல் நீரில் கரையும் பசை, அதற்கும் மேலே, மெல்லிய ஒளிபுகும் ஏட்டின்மீது அச்சிட்ட மை. தண்ணீர் தாள் வழியே ஊறிப் பசையை இளக்குகிறது. அதற்கு அரை நிமிடம் போதும். நெடுநேரம் மூழ்கவிட்டால் பசை முழுவதும் கழுவிப் போய்விடும். நனைத்து எடுத்து ஈரத்துணிமேல் வைத்துக் காத்திருந்து, விரல் பட்டதும் படம் தானே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரவில்லையென்றால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். இழுக்கவே கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதும் ஒரு கேள்வி. நம் வட்டாரத்துக் கிணற்று நீரில் சாதம் வடித்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்பதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். வகுப்பில் படித்த கடின நீர் இதுதான். அந்த நீர் படத்துக்கு அடியில் உலர்ந்தால் கரைந்திருந்த உப்புகள் வெண்புள்ளிகளாக அங்கேயே தங்கிவிடும். பிறகு எடுக்க முடியாது. சிஸ்டர் ஆய்வகத்திலிருந்து காய்ச்சி வடித்த நீர் கொடுத்தார்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் ஆகும்; மழைநீரும் ஆகும், மழை பெய்தால்!

காரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான வண்ணத்தின் குழிகளில் காற்று தங்கி, படம் காய்ந்தபின் அங்கங்கே வெள்ளி பூத்ததுபோல் தெரியும். ஆதலால் முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி நன்றாக உலரவிட்டோம்.

ஒட்டும் அன்று மின்விசிறியை நிறுத்தினோம். தூசியும் வரும், நம் ஊர் வெயிலில் தண்ணீரும் விரைவில் காய்ந்துவிடும். பெரிய படம் இடம் பார்த்து நிற்க நேரம் வேண்டும். அது ஈரத்தில் மிதக்கும் வரைதான் நகர்த்த முடியும். பானட்டின்மேல் தாராளமாக நீர் தடவி, அதில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்தோம். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நீர் முத்துமுத்தாகத் திரளாமல் படர்கிறது. பிறகு தாளோடு படத்தை அங்கே வைத்து, படத்தை ஒருத்தி தூரிகையால் தாங்க, மற்றவள் அடித்தாளை உருவினாள். படத்தைத் தாளிலிருந்து தூக்குவதைவிட, தாளைப் படத்தின் கீழிருந்து எடுப்பதே பெரிய படத்துக்கு ஏற்றது. நடுக்கோட்டைப் பென்சில் புள்ளிகளோடு பொருத்தினோம்.

அடுத்து நீரை வெளியேற்றுதல். காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல உருட்ட வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் நீர் சிறைப்பட்டுக் குமிழாகும்.

பானட்டின் முனை இருபுறமும் வளைவதால் தட்டையான படம் அங்கே மடிப்பு விழும். ஒரு பந்தின்மேல் தாளைச் சுற்றிப் பார்த்தால் காரணம் விளங்கும். அதற்காகப் படத்தை இளக்கும் திரவம் விற்கிறார்கள். எங்களிடம் அது இல்லாததால் வினிகரில் சம அளவு நீர் சேர்த்துப் பழகு படத்தில் சோதித்து, அதன்பின் தடவினோம். சிறிது நேரத்தில் படம் முழுவதும் சுருங்கிப் பாட்டியின் கன்னம்போல் ஆயிற்று. எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அப்போது கை வைக்கக் கூடாது. இளகிய ஏடு உலர உலரத் தானே இறுகிப் பரப்போடு படியும். மணி அடித்து, மதிய உணவுக்குப் போய்த் திரும்பியபோது மடிப்புகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. எஞ்சிய ஒரு குமிழை மெல்லிய ஊசியால் குத்தி, வினிகர் நீர் ஒரு துளி விட்டோம். முனையில் அடங்காத ஒரு மடிப்பைப் புது பிளேடால் கீறி, ஓரத்தை ஓரத்தின்மேல் படியவைத்தோம்.

மறுநாள், பானட்டின் விளிம்புக் கோட்டின் வழியே படத்தைக் கீறிவிட்டு, வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்து, மேலே வார்னிஷ் தெளித்தோம். முதல் பூச்சு பனிபோல் இலேசாக விழ வேண்டும்; ஒரேயடியாகக் கனமாக விழுந்தால் வார்னிஷில் உள்ள கரைப்பான் படத்தையே அரித்துவிடும். கார் இப்போது ஆய்வகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. விரும்பும் தங்கையர் வந்து பார்க்கலாம்; கதவைத் திறக்க வேண்டுமானால் சிஸ்டரிடம் கேட்க வேண்டும்.