கோலர் உட்கார்ந்திருந்த இடம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டோடு சேர்ந்து ஷெட்டில் கிடைத்த அந்தச் சிவப்புத் தோட்ட டிராக்டர் வீல் ஹார்ஸேதான். 1970-களில் வந்தது, என்ஜின் 8 குதிரைத்திறன் கோலர் கே-181. "இது செத்துப்போச்சு மாமா, 13 குதிரைத்திறன்ல ஒண்ணு வாங்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். போடலாம். காசைக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடு.

அது செத்துப்போச்சு என்று எதை வைத்துச் சொல்கிறாய்? கம்ப்ரஷன் கேஜை வைத்து என்றால் அந்த முடிவு தப்பு. கயிற்றை இழுத்தாலும் ஸ்டார்ட்டரைத் தட்டினாலும் லேசாகச் சுற்றட்டும் என்று கோலர்காரர்கள் கேம்ஷாஃப்டிலேயே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும். நல்ல என்ஜினும் கேஜில் நோயாளியாகத்தான் தெரியும். அதற்குப் பதில், இரண்டு வால்வும் மூடி பிஸ்டன் மேலே நிற்கும் இடத்தில் வைத்து, பிளக் துளை வழியே குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டுக் காது கொடுத்துக் கேள். பிளைவீல் சட்டென்று திரும்பும், கை பக்கத்தில் இருக்கக் கூடாது. கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. சிலிண்டர் வார்ப்பிரும்பு என்பதால் அதைக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டலாம். ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டையே விழுந்திருந்தால்தான் பேச்சில்லை, மாற்றிவிடு.

மாற்றுவது என்று ஆனால், பெரிய என்ஜின் போட்டால் வண்டி வேகமாக ஓடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. பழையதும் 3600 சுற்றில் கவர்னர் பிடித்து நிற்பது, புதியதும் அப்படியே. என்ஜின் புல்லியின் அளவு மாறாத வரை புல் வெட்டும் வேகம் அதேதான். கிடைப்பது இழுவை. ஈரப் பனியைத் தள்ளும்போது மூச்சு வாங்காது, அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்று 4 அங்குலப் புல்லிக்குப் பதில் 5 அங்குலம் போட்டால் கால்பங்கு வேகம் கூடும். ஆனால் அந்த வண்டிக்கு இருப்பது கியர்பாக்ஸின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பட்டை பிரேக். உன் வீட்டுப் பின்புறச் சரிவை நான் பார்த்திருக்கிறேன், அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டாம். கவர்னரையும் தொடாதே. அளவு மீறிச் சுற்றினால் ராடு உடையும், பிளைவீலே கூடச் சிதறலாம். ஹூடுக்கு ஒரு முழம் பின்னால் உட்கார்ந்திருப்பது நீதான்.

என்ஜினைக் குதிரைத்திறனைப் பார்த்து வாங்காதே, ஷாஃப்டைப் பார்த்து வாங்கு. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. ஹோண்டா ஜிஎக்ஸ்390-ஐ எடுத்துக்கொள். 389 சிசி. இந்த வரிசையை முன்பு 13 குதிரைத்திறன் என்று விற்றார்கள், இப்போது நிகரமாக 11.7 என்று போடுகிறார்கள். எண்ணை நம்பி வாங்குகிறவர்கள் இப்படித்தான் குழம்புவது. அந்த ஒரே என்ஜின் ஜெனரேட்டருக்குக் கூம்பு ஷாஃப்டோடும், பம்புக்கு மரை போட்ட ஷாஃப்டோடும் வருகிறது. நமக்கு வேண்டியது நேரான, சாவிக்காடி வெட்டிய 1 அங்குல ஷாஃப்ட். உன் பழைய புல்லியின் துளையும் 1 அங்குலமாகத்தான் இருக்க வேண்டும்; இருந்தாலும் காலிபர் வைத்துப் பார்த்துவிடு. நீளத்தையும் அள. வீல் ஹார்ஸில் ஓட்டுகிற புல்லியும், அதற்கு வெளியே புல்வெட்டிக்கான கிளட்சும் ஒரே ஷாஃப்டில் அடுத்தடுத்து உட்காருகின்றன. ஷாஃப்ட் கட்டையாக இருந்தால் கிளட்சுக்கு இடமே இருக்காது.

அடிப்பலகையின் துளைகள் பொருந்தாது. சாசியில் புதுத் துளை போடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். நாளைக்கு யாராவது கோலரையே திரும்ப வைக்க ஆசைப்படலாம், அது நீயாகவே இருக்கலாம். அரை அங்குல இரும்புத் தகடு ஒன்றை இடையில் வை. என்ஜினின் அடியில் அட்டையை வைத்து அழுத்தி, எண்ணெய்ப் பிசுக்கு விரலால் துளைகளின் மேல் தேய்த்தால் வட்டங்கள் அச்சாக விழும். சாசிக்கும் அப்படியே ஓர் அட்டை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தகட்டில் எங்கே துளை, எங்கே நீளக் காடி என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். தகடு ஏறிய உயரத்துக்கும் புது என்ஜினின் உயரத்துக்கும் ஏற்ப பெல்ட்டின் நீளம் மாறும். அதைக் கடைசியில் வாங்கு.

பிறகு நூல். தையல் நூலே போதும். கியர்பாக்ஸ் புல்லியின் முகத்தில் ஒரு முனையை ஒட்டி, என்ஜின் புல்லி வரை இழுத்துப் பிடி. நூல் இரண்டு புல்லிகளின் விளிம்பையும் நான்கு இடத்திலும் தொட வேண்டும். என் முதல் வண்டியில் நான் கண்ணால் பார்த்து, சரி என்று போல்ட்டை முறுக்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் பெல்ட்டின் ஒரு ஓரம் நார் நாராகப் பிரிந்து, ஹூடைத் திறந்ததும் கறுப்புப் பஞ்சு மாதிரி கொட்டியது. நூல் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது, என்ஜின் ஒரு நெல் அகலம் கோணலாக நின்றிருந்தது.

இனி வயர். இங்கேதான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள், நானும் தொலைத்தேன். உன் கோலர் பாட்டரிக் காயிலில் ஓடுவது. சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் காயிலுக்குப் போகும், அணைத்தால் நின்றுவிடும். புது என்ஜின்களில் நேர்மாறு. பிளைவீல் காந்தமே பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. அணைக்க வேண்டுமென்றால் காயிலிலிருந்து வரும் ஒற்றை வயரை எர்த்தோடு சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே ஒரு வயர் இருந்ததால் பழைய வயரின் முனையை அப்படியே புதியதில் செருகினேன். சாவியைத் திருப்பியதும் ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. புத்தம் புதுக் காயில், ஒரு தடவை கூடப் பொறி விடாமல் கருகிவிட்டது. நீ சாவி ஸ்விட்சையே மாற்றிவிடு, மேக்னெட்டோ வகை என்று கேட்டு வாங்கு. இருக்கைக்கு அடியிலும் கிளட்ச் பெடலிலும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்தால் அவற்றையும் அந்த முறைக்கு மாற்றி இணை. அலுப்பாக இருக்கிறதென்று தாண்டிவிடாதே.

பெட்ரோல் விஷயம் சின்னது. ஜிஎக்ஸ்390-இன் டாங்க் தலைமேல் இருக்கும், பெட்ரோல் தானாக இறங்கும். அந்த டாங்கோடு ஹூட் மூடாது. டாங்கைக் கழற்றினால், உன் வண்டியின் டாங்க் இருக்கைக்கு அடியில் தாழ்ந்து இருப்பதால், குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று வேண்டும். சைலன்சரும் இடம் மாறும். அதன் வாய் டாங்கையோ வயரையோ உன் முழங்காலையோ பார்க்கக் கூடாது. வண்டியின் மூக்கும் லேசாகிவிடும். வார்ப்பிரும்பு போய் அலுமினியம் வந்தால் சரிவில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். முன்பக்கம் எடை கட்டு.

இந்த வண்டியைச் செய்த கம்பெனியை 1946-இல் இண்டியானாவின் சவுத் பெண்டில் எல்மர் பாண்டும் மகன் செசிலும் ஆரம்பித்தார்கள். வண்டிக் குதிரைகளில் சக்கரத்தை ஒட்டிப் பூட்டுகிற, பாரம் தாங்குகிற குதிரைக்குத்தான் வீல் ஹார்ஸ் என்று பெயர். 1974-இல் கம்பெனி அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போனது, 1986-இல் டோரோவுக்கு. பழைய கியர்பாக்ஸ்கள் இன்னும் ஓடுகின்றன. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நான் வரும் சனிக்கிழமை அரை அங்குலத் தகடும் டிரில்லும் கொண்டு வருகிறேன். நீ அதற்குள் ஹூடைக் கழற்றி, கோலரை இறக்காமல் நான்கு பக்கமும் படம் எடுத்து, ஷாஃப்டின் விட்டம், நீளம், தரையிலிருந்து அதன் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று மூன்று அளவையும் ஷெட் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வை. புது என்ஜின் ஆயில் இல்லாமல் வரும், 1.1 லிட்டர் ஊற்ற வேண்டும். அந்த ஆயில் டப்பாவை மட்டும் மறக்காமல் வாங்கிவிடு.

அன்புடன்,
மாமா