வலைப்பக்கம் செய்து பழகுவோம்



நம்ம ஐயம்பேட்டையில் தறி ஓடுகிற வீடுகளில் இருந்தும் பெண் பிள்ளைகள் கணினி படிக்கப் போகிறார்கள். வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கிறது. "சரிம்மா, நம்ம குழுவுக்கு ஒரு வலைப்பக்கம் செய்து காட்டு" என்று கேட்டால் பலருக்குக் கை ஓடுவதில்லை. பாடம் கேட்டார்கள், வேலை செய்து பழகவில்லை. நெசவும் அப்படித்தானே? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் வந்துவிடாது. நாடா நம்ம கையில் ஓடணும்.

பயிற்சிக்காக ஒரு சின்ன வலைப்பக்கம் எப்படிச் செய்வது, அதில் என்ன கவனிக்கணும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். மகளோ மருமகளோ செய்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் என்ன எழுதுவது என்பது நமக்குத்தான் தெரியும்.

எம்பலம் பெண்கள் காட்டிய வழி

புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்து, 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலம், கிழூர், வீராம்பட்டினம் போன்ற கிராமங்களில் கணினி வைத்தார்கள். தொலைபேசி சரியாகக் கிடைக்காததால் கம்பியில்லா இணைப்பு. மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் சூரிய சக்தியும் சேர்த்துக்கொண்டார்கள். கணினியைக் கையாண்டவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்களே.

எம்பலத்தில் மையம் நடந்தது கோயிலை ஒட்டிய அறையில். கோயிலுக்குள் யார் போகலாம், எப்போது போகலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. மையத்துக்குள் எந்தச் சாதிக்காரரும் வரலாம், எந்த நாளும் பெண்கள் வரலாம்.

அங்கே முதலில் ஊருக்கு என்ன தகவல் வேணும் என்று கேட்டார்கள். விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி என்று ஊரார் கேட்டதைத் தமிழில் ஏற்றினார்கள். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தகவல் போய்ச் சேர்ந்தது.

அதே நிறுவனத்தின் மையம் இருந்த இன்னொரு மீனவர் ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். உயிர்கள் தப்பின. தினம் புழங்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி என்பதால் ஆபத்து நேரத்தில் உடனே கைகொடுத்தது.

கேட்டு ஆரம்பிக்கணும், நம்ம மொழியில் சொல்லணும், தினமும் புழங்கணும். இந்த மூன்றையும் மனதில் வைத்து நம்ம வேலைக்கு வருவோம்.

வலைப்பக்கம் என்றால் என்ன?

1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் வலைத்தளத்தை உலகத்துக்குத் திறந்துவிட்டார். அவர் வேலை பார்த்த செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடம், 1993-ல் இதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனால் பக்கம் எழுதும் முறைக்கு நாம் யாருக்கும் காசு கட்ட வேண்டாம்.

ஒரு பக்கத்தில் மூன்று வேலை இருக்கிறது. எது தலைப்பு, எது பத்தி, எங்கே படம் என்று சொல்வது எச்டிஎம்எல். நிறம், அளவு, இடைவெளி கொடுப்பது சிஎஸ்எஸ். பட்டனைத் தொட்டால் ஏதாவது நடக்கச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். பாவு கூடத் தயாராகாமல் புட்டாவைப் பற்றி யோசிக்க முடியாது. அதுபோல எச்டிஎம்எல்லை முதலில் முடியுங்கள். மற்றது பிறகு வரட்டும்.

பழகுவதற்கு இணையம் கூட வேண்டாம். கணினியில் இருக்கும் நோட்பேடில் எழுதி, பிரவுசரில் திறந்து பார்த்தால் போதும். நூலகத்திலோ, தெரிந்தவர் வீட்டிலோ ஒரு மணி நேரம் கணினி கிடைத்தாலும் ஒரு பக்கம் எழுதலாம்.

செய்து பழகும்போது கவனிக்க வேண்டியவை

1. சின்னதாக ஆரம்பித்து முடியுங்கள். கடை, வண்டி, பணம் கட்டும் வசதி எல்லாம் உள்ள பெரிய தளம் செய்யப் போனால் பாதியில் நின்றுவிடும். ஒரே ஒரு சேலை, ஒரே ஒரு பக்கம். அதை முழுசாக முடித்தவருக்கு அடுத்த பக்கம் சுலபமாக வரும்.

2. முதலில் தாளில் போடுங்கள். டிசைனைக் கட்டத்தாளில் போட்ட பிறகுதானே தறிக்குப் போகிறது? மேலே என்ன, நடுவே என்ன, கீழே என்ன என்று பேனாவால் வரைந்துகொண்டு உட்காருங்கள்.

3. இரண்டு வரி எழுதியதும் பாருங்கள். எச்டிஎம்எல்லில் பெரும்பாலான குறிகளைத் திறந்தால் மூடணும். ஒன்றை மூட மறந்தாலும் பக்கம் கலைந்துபோகலாம். ஐம்பது வரி எழுதிவிட்டுத் தேடினால் கண் நோகும். பாவில் இழை அறுந்ததை அப்போதே பார்த்தால் உடனே முடிச்சுப் போடலாம். ஒரு முழம் நெய்த பிறகு பார்த்தால்?

4. தமிழை யூனிகோடில் அடியுங்கள். முன்பு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு முறை இருந்தது. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். "அ" எல்லா போனிலும் "அ"வாகவே தெரியும்.

5. படத்தின் எடையைக் குறையுங்கள். போனில் எடுத்த படம் 3, 4 எம்பி கூட இருக்கும். அதை அப்படியே போட்டால் சிக்னல் குறைந்த இடத்தில் திறக்காது. அளவைக் குறைத்து 200 கேபி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். படத்தில் அரக்கு, கையில் வந்தால் சிவப்பு என்றால் சேலை திரும்பி வரும்.

6. கணினி தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். போனைப் பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்து, "விலை எங்கே இருக்கு, யாரைக் கேட்கணும், கண்டுபிடிங்கக்கா" என்று சொல்லுங்கள். நடுவே பேசாதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்தணும்.

7. தேதி போடுங்கள். பட்டு விலையும் சரிகை விலையும் ஏறி இறங்கும். போன வருஷ விலை பக்கத்தில் நின்றால் சண்டை வரும். எந்தத் தேதி விலை என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை திருத்துவது யார் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

உண்மையை மட்டும் எழுதுங்கள்

பயிற்சிப் பக்கம்தானே என்று இதில் அசட்டையாக இருக்காதீர்கள். ஆயத்த மாதிரிகளில் "100 சதவீதம் அசல்" என்றும், பெயர் தெரியாத வாடிக்கையாளர் புகழ்வதாகவும் வரிகள் இருக்கும். அவற்றை நீக்கிவிடுங்கள்.

கைத்தறியா விசைத்தறியா, வெள்ளிச் சரிகையா செம்புச் சரிகையா, உடலும் கரையும் கோர்வையில் சேர்ந்ததா, ரவிக்கைத் துண்டு உண்டா என்று உள்ளதை எழுதுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் போட, பதிவு பெற்ற பயனாளராக இருக்க வேண்டும். பட்டின் தரத்துக்கு 2004-ல் வந்த சில்க் மார்க்கும் அனுமதி பெற்றவருக்கே. படத்தை எங்கிருந்தோ எடுத்து நம்ம பக்கத்தில் ஒட்டுவது தவறு.

இன்னொன்று. தறியில் இருக்கும் சேலை எல்லாமே நம்முடையது ஆகாது. பாவும் சரிகையும் கொடுத்த சொசைட்டிக்கோ முதலாளிக்கோ சொந்தமாக இருக்கும். அவர்களைக் கேட்காமல் டிசைனைப் படம் பிடித்துப் போட்டால் வரும் வேலையும் நின்றுவிடலாம். நம்ம குழு சொந்தமாக நூல் வாங்கி நெய்ததை மட்டும் போடுங்கள்.

நெய்தவர் யார் என்பதோடு, தார் சுற்றியது யார், பாவு பிணைத்தது யார் என்றும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு வரி சேருங்கள். நம்ம பெண்கள் செய்யும் அந்த வேலை விலைச்சீட்டில் தெரிவதில்லை. நம்ம பக்கத்திலாவது தெரியட்டும்.

பாதுகாப்பு முக்கியம்

பக்கத்தில் குழுவின் பொது எண்ணைக் கொடுங்கள். வயதுப் பிள்ளைகளின் சொந்த எண் வேண்டாம். ஆதார், பாஸ்புக் படம் கூடவே கூடாது. "சேலை வாங்குறேன், ஓடிபி சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் வாங்குவதற்கு ஓடிபி தேவையே இல்லை. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

• நம்மிடம் சேலை வாங்குபவர் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகள் என்ன? ஒருவர் எழுதிக்கொள்ளுங்கள்.
• அந்த ஐந்துக்கும் பதில் சொல்லும் ஒரு பக்கத்தைத் தாளில் வரையுங்கள்.
• கணினி படித்த பிள்ளை யார்? அவருக்கு ஒரு மாதக் கெடு கொடுங்கள். முடித்ததும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் காட்டச் சொல்லுங்கள்.
• எழுதியதை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். படிக்கத் தெரியாத உறுப்பினரும் கேட்டு, "இது சரி, இது தப்பு" என்று சொல்லட்டும்.

முதல் பக்கம் அழகாக வராமல் போகலாம். பரவாயில்லை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கட்டும். முயற்சி செய்து பாருங்கள் சகோதரிகளே, வாழ்த்துகள்!