உறங்குமுன் ஒரு கணக்கு

மாணவர்களே! நேற்று உங்கள் கையிலிருந்த பணம் எதற்குச் செலவாயிற்று? பள்ளி விட்டதுமுதல் உறங்கும்வரை இருந்த நேரம் எங்கே போயிற்று? உடனே விடை கூற நம்மில் பலரால் இயலாது. இவ்வினாவை நாள்தோறும் தம்மிடமே கேட்டுக்கொண்ட ஒரு மாணவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றார் மோகன்தாஸ் காந்தி. அவருக்குப் பணம் அனுப்பி வந்தவர் தமையனார். புலால் உண்ணாத தம்மை நண்பர்கள் நாகரிகம் அறியாதவராகக் கருதலாகாது என்று எண்ணிய காந்தி, ஆங்கிலேயக் கனவானாக மாற முற்பட்டார். பத்துப் பவுன் கொடுத்து மாலை உடை தைத்துக்கொண்டார். தமையனாரிடம் கேட்டுத் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். நாள்தோறும் கண்ணாடியின் முன்நின்று கழுத்துப்பட்டையையும் தலைமுடியையும் சரிசெய்வதிலேயே பத்து நிமிடம் கழிந்தது. நடன வகுப்பில் சேர்ந்தார். பியானோ இசைக்கு ஏற்பக் கால்கள் இயங்கவில்லை. மேலைநாட்டு இசை பிடிபட வேண்டுமென்று வயலின் வாங்கினார். பேச்சுக்கலைக்கு மற்றோர் ஆசிரியரை அமர்த்தினார். எலியை விரட்டப் பூனையும், பூனையின் பாலுக்குப் பசுவும், பசுவை மேய்க்க ஆளும் தேடிய துறவியின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தம் நிலையும் அவ்வாறே ஆயிற்று என்று காந்தியடிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

இம்மயக்கம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. ‘வாழ்நாள் முழுவதும் இங்கேயா இருக்கப்போகிறேன்? நான் மாணவன் அல்லவா?’ என்ற எண்ணம் எழுந்ததும் வகுப்புகளை நிறுத்திக்கொண்டார். வயலினைக் கிடைத்த விலைக்கு விற்றுத்தருமாறு ஆசிரியையிடம் வேண்டினார்.

வியப்பு யாதெனில், அம்மூன்று மாதங்களிலும்கூட அவர் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை என்பதே. வண்டிக் கட்டணம், அஞ்சல்தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை ஆகிய அனைத்தும் ஏட்டில் ஏறின. ஒவ்வொரு நாளும் உறங்கச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்த்தார். கணக்கேடு அவருடைய வீண்செலவைத் தடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதனை மறைக்கவும் இல்லை. செலவைப் பாதியாகக் குறைக்க அவர் முடிவு செய்தபோது, எங்கே குறைப்பது என்பதற்கு விடை அவ்வேட்டிலேயே இருந்தது.

பிறர் குடும்பத்தோடு தங்குவதை விடுத்துத் தனியறை எடுத்தார். செல்லவேண்டிய இடத்திற்கு அரைமணி நேரத்தில் நடந்தே செல்லுமாறு அறையைத் தேர்ந்தார். வண்டிச் செலவு மிஞ்சியது. நாள்தோறும் எட்டு முதல் பத்து மைல் நடந்ததால் உடலும் உரம் பெற்றது. பின்னர் இரண்டு அறைகளுக்குப் பதிலாக ஓர் அறையே போதுமென்று கொண்டு, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே அடுப்பில் காய்ச்சிக்கொண்டார். உணவுச் செலவு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சாகக் குறைந்தது. இதனைக் கருமித்தனம் என்று கொள்ளலாகாது. கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பிய தமையனார், அதற்காக ஊரில் படும்பாட்டை எண்ணி அவர் மனம் வருந்தியிருந்தது. இலத்தீன் பாடத்தில் ஒருமுறை தோற்றிருந்த மெட்ரிகுலேஷன் தேர்விலும் இவ்வெளிய வாழ்க்கையினிடையே மீண்டும் முயன்று வென்றார்.

பயிற்சி

1. ‘கணக்கேடு வீண்செலவைத் தடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை’ – இத்தொடரின் கருத்தை விளக்குக.

2. கருமித்தனம், சிக்கனம் – வேறுபாட்டைப் பாடப்பகுதியைக்கொண்டு எழுதுக.

3. ஒரு வாரம் உங்கள் செலவையும் ஓய்வு நேரத்தையும் இரவுதோறும் குறித்து வருக. ஏழாம் நாள், நீங்கள் எதிர்பாராத ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.