பாலத்தை அளக்கும் ஒளி

2018 செப்டம்பர் 4 அன்று மாலை மாஜேர்ஹாட் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து மூவர் உயிரிழந்தனர். 2020 டிசம்பர் 3 அன்று அங்கே புதிய ‘ஜெய் ஹிந்த்’ பாலம் திறக்கப்படும் வரை பெஹாலாவில் வாழ்வோர் பட்ட அலைச்சலை வாசகர்கள் நன்கு அறிவர். தார்மேல் தாராகப் போட்டதால் கூடிய பாரமும், பராமரிப்புக் குறைவும் விபத்துக்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. இப்படிப்பட்ட கேட்டை முன்னதாக அறிய லேசர் அளவை எவ்வளவு உதவும்?

லேசர் கருவி ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது ஒரு பொருளின்மேல் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. செல்லும். ஆகவே நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி திரும்பி வந்தால், அப்பொருள் 15 செ.மீ. தொலைவில் உள்ளது என்று பொருள். இவ்வாறு நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளை அளந்து, பாலத்தின் முழு உருவத்தையும் கணிப்பொறியில் காணலாம்.

இதில் இருவகை உண்டு. ஒன்று, கருவியை வண்டியில் பொருத்தி, போக்குவரத்தை நிறுத்தாமலே அளப்பது. வண்டி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சமிக்ஞை காட்டும். டைமண்ட் ஹார்பர் சாலையில் மெட்ரோ மேம்பாலம் வானை மறைக்கும் இடங்களில் அது தடைப்படும். அப்போது அசைவுணர் கருவியும் சக்கரச் சுற்றுக் கணக்கும் கைகொடுக்கும். இம்முறையில் ஓரிரு செ.மீ. பிழை நேரலாம். மற்றொன்று, கருவியை முக்காலியில் நிறுத்தி அளப்பது. சில மி.மீ. தொய்வையும் அறிய இதுவே ஏற்றது.

தாரின் கனத்தையும் இவ்வாறு அறியலாம். சாலையின் மேற்பரப்பையும் பாலத்தின் அடிப்பரப்பையும் அளந்தால் மொத்தக் கனம் தெரியும். அதிலிருந்து பழைய வரைபடத்தில் உள்ள கனத்தைக் கழித்தால், பின்னர் ஏறியது எவ்வளவு என்பது விளங்கும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. தார் கூடினால் அது 20 கன மீட்டர். கன மீட்டருக்குச் சுமார் 2.3 டன் வீதம் 46 டன்! சுமையேற்றிய இரண்டு மூன்று லாரிகள் இரவும் பகலும் பாலத்தின்மேல் நிற்பதற்கு இது சமம்.

ஆனால் ஒருமுறை அளப்பது போதாது. அசையாத குறிப்புப் புள்ளிகளிலிருந்து, ஏறக்குறைய அதே வெப்பநிலையில், மீண்டும் மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டும். வெயிலில் பாலம் விரியும் அல்லவா? அளவையின் அடிப்படை என்றுமே இதுதான். 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகிலும், 1831–32-இல் எவரெஸ்ட் கல்கத்தாவிலும் ஓர் அடிக்கோட்டை அளந்து நிலைநிறுத்தினர்.

மேலும், லேசர் கான்கிரீட்டுக்குள் நுழையாது. உள்ளே துருப்பிடித்த கம்பியை அது காட்டாது. அதற்கு மீயொலிச் சோதனை, மின்னழுத்தச் சோதனை, சுமைச் சோதனை முதலியவை வேண்டும். வைத்தியர் உடல் எடையை மட்டும் பார்த்து நோயை முடிவு செய்வதில்லை. லேசர் அளவையும் அப்படித்தான்: வடிவம் மாறுகிறது என்று எச்சரிக்கும், ஏன் மாறுகிறது என்பதைப் பொறியாளர்தான் தேடிக் காண வேண்டும். எச்சரிக்கை வந்த பின்னும் மேலே தாரைக் கொட்டினால், எந்தக் கருவியாலும் பயனில்லை.