பாசறைக்குத் திரும்பும் வழியைக் காட்டிய தளபதி

அன்புள்ள தம்பிக்கு,

படைத்தளபதி ஒருவர் ஆட்சிக்கு வந்தால் நாடு ஒழுங்காகிவிடும் என்ற எண்ணம் உன் வயதில் பலருக்கும் வருவதுதான். கட்டுப்பாடு, காலந்தவறாமை, சொன்னதைச் செய்யும் உறுதி என்று காரணங்களும் எளிதில் கிடைக்கும். அந்த எண்ணத்தை உரசிப் பார்க்க ஸ்பெயினின் வரலாறு நல்ல உரைகல். சீருடையோடு அரசியலில் நுழைந்தவர்கள் அங்கே ஏராளம். அவர்களுள் மானுவேல் குத்தியெரெஸ் மெல்யாதோ என்ற ஜெனரலைப் பற்றி நீ அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். அரசியலுக்கு வந்த படைவீரர் எத்தனை பதவிகளை வகித்தார் என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. அவர் போன பிறகு படை அரசியலிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நின்றது என்று பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் மெல்யாதோவுக்கு இணையானவர் அந்த நாட்டில் வேறு எவரும் இல்லை என்பது என் முடிவு.

முதலில் அவருக்கு முன் நடந்தவற்றைப் பார். 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஆட்சியை மாற்றியது பெரும்பாலும் வாக்குச்சீட்டு அல்ல, பாசறைதான். எஸ்பார்த்தெரோ, நார்வாயெஸ், ஓடொனெல் என்று தளபதிகள் மாறி மாறி ஆண்டார்கள். 1868இல் ராணி இசபெல்லைத் துரத்திய புரட்சிக்குத் தலைமை ஏற்றவர்களுள் ஒருவரான ஜெனரல் பிரிம் பிரதமரானார். 1870 டிசம்பரில் மாட்ரிட் தெருவில் சுடப்பட்டு, சில நாளில் இறந்தார். 1874 ஜனவரியில் ஜெனரல் பவீயாவின் படை நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களைக் கலைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு தளபதி முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவந்தார். 1923இல் பிரிமோ தெ ரிவேரா, 1936இல் பிராங்கோ என்று தளபதிகள் மீண்டும் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். இவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. பிரிம் சுதந்திரத்தின் பக்கம் நின்றவர். ஆனால் நல்ல நோக்கத்தோடு வந்த தளபதியும் அடுத்து வரும் தளபதிக்கு ஒரே பாடத்தைத்தான் விட்டுச்சென்றார்: கடைசிச் சொல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கே. அந்தப் பாடத்தின் விலையை மூன்று ஆண்டு உள்நாட்டுப் போரிலும், 1975 வரை நீண்ட சர்வாதிகாரத்திலும் ஸ்பெயின் கொடுத்தது.

1912இல் மாட்ரிட்டில் பிறந்த மெல்யாதோ பீரங்கிப் படை அதிகாரி. பிராங்கோ மறைந்த மறு ஆண்டு, 1976 செப்டம்பரில், பிரதமர் அதோல்போ சுவாரெஸ் அவரைத் துணைப் பிரதமராக்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஓர் ஆணை வந்தது: படையில் பணிபுரிபவர் கட்சியில் சேரக்கூடாது, தேர்தலில் நிற்க விரும்பினால் பணியை விட்டு வெளியேற வேண்டும். 1977 ஜூலையில் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்குத் தனித்தனியே இருந்த மூன்று அமைச்சகங்கள் ஒரே பாதுகாப்பு அமைச்சகமாயின. அவரே அதன் முதல் அமைச்சர். அதுவரை மூன்று படைத் தளபதிகள் அமைச்சரவையில் உட்கார்ந்து தத்தம் படையின் குரலாகப் பேசினார்கள். அந்த நாற்காலிகள் அகற்றப்பட்டன. மூன்றாம் கார்லோஸ் 1768இல் வகுத்த படை விதிகளுக்குப் பதிலாக 1978 டிசம்பரில் புதிய விதிகள் வந்தன. அரசியல் சட்டத்துக்கு எதிரான குற்றமாகும் கட்டளைக்குக் கீழ்ப்படிய எந்த வீரனும் கடமைப்பட்டவன் அல்லன் என்று அவை எழுத்தில் சொல்லின. கீழ்ப்படிதலே உயிர்மூச்சான ஒரு நிறுவனத்தில் இந்த ஒரு வரியை நுழைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பார்.

என் முடிவுக்கு மறுப்புகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. 1936இல் குடியரசுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்தவர்தானே இவர் என்பார்கள். ஆம், சேர்ந்தார், மாட்ரிட்டுக்குள் இருந்து பிராங்கோ தரப்புக்கு ரகசியமாக உளவு வேலையும் பார்த்தார். அதை மறைத்து அவரைப் புகழ்வது பொய்யாகும். ஆனால் அந்தப் படையின் அங்கமாக இருந்தவர் என்பதால்தான் அதை மாற்றும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதற்காகச் சக அதிகாரிகள் அவரைத் துரோகி என்றார்கள். 1979 ஜனவரியில், எட்டா என்ற பாஸ்க் பிரிவினைவாத ஆயுத அமைப்பு கொன்ற ஒரு ஜெனரலின் இறுதிச் சடங்கிலேயே அவரை வசைபாடினார்கள். ஒருவர் பிடித்த பழைய கொடியைப் போலவே, அதை மடித்துவைக்க அவர் கொடுத்த விலையும் வரலாற்றின் பகுதிதான்.

இத்தனை சீர்திருத்தம் செய்தும் 1981 பிப்ரவரி 23இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்ததே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அன்று மாலை லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ சுமார் 200 சிவில் காவலர்களோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார். அமைச்சர் வரிசையிலிருந்து, கோட் சூட்டும் மூக்குக்கண்ணாடியும் அணிந்த 68 வயது மெலிந்த மனிதர் ஒருவர் எழுந்து, துப்பாக்கி ஏந்தியவர்களை நோக்கி நடந்து, ஆயுதத்தைக் கீழே போடக் கட்டளையிட்டார். அவர்தான் மெல்யாதோ. தெஹேரோ அவரைப் பிடித்துத் தரையில் தள்ள முயன்றார், முடியவில்லை. கூரையை நோக்கிக் குண்டுகள் வெடித்தபோது அவை உறுப்பினர்கள் பெரும்பாலும் இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள், அவர் நின்றார். அந்தக் குண்டுகளின் தடங்கள் இன்றும் கூரையில் இருக்கின்றன. அன்றிரவு வலென்சியாவில் டாங்கிகளைத் தெருவில் இறக்கினார் ஜெனரல் மிலான்ஸ் தெல் போஷ். ஆனால் தரைப்படைத் தலைமைத் தளபதி கபேய்ராஸ் அரசியல் சட்டத்தின் பக்கம் நின்றார். 1979இல் மிலான்ஸ் உள்ளிட்ட மூத்தவர்களைத் தாண்டி கபேய்ராஸை அந்த இடத்தில் அமர்த்தியது சுவாரெஸின் அரசுதான். பிராங்கோவுக்குப் பின் அரியணை ஏறிய மன்னரின் கட்டளை அந்த முயற்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது உண்மை. அந்தக் கட்டளையைக் கேட்டு நடக்கத் தலைமையிடத்தில் ஆட்கள் இருந்ததும் உண்மை. சீர்திருத்தம் கிளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆனால் அதை ஒரு நாளைக்கு மேல் உயிர்வாழ விடவில்லை.

மறுபடியும் ஒரு ஜெனரல்தானே தேவைப்பட்டார் என்று நீ கேட்கலாம். தேவைப்பட்டார், ஒரே ஒரு முறை. 1979இல் பாதுகாப்பு அமைச்சகத்தை ரொத்ரிகெஸ் சாகூன் என்ற குடிமகன் ஏற்றார். அன்று தொடங்கி அந்தப் பதவியில் எந்தப் படைவீரரும் அமரவில்லை. 2008இல் கர்ப்பிணியான கார்மே சாக்கோன் பாதுகாப்பு அமைச்சராகப் படை அணிவகுப்பைப் பார்வையிட்டபோது வீரர்கள் அவருக்கு மரியாதை செலுத்தினார்கள். பவீயாவின் காலத்தில் இது கனவிலும் வந்திராத காட்சி.

ஆகவே, தம்பி, சீருடை அணிந்தவர் யாரேனும் உன்னிடம் வாக்குக் கேட்டு வந்தால் அவருடைய வீரத்தைப் பாராட்டு. ஆனால் அதைத் தகுதியாக எண்ணிவிடாதே. சட்டத்துக்கு மேலே நிற்கப் போகிறாரா, கீழே நிற்கப் போகிறாரா என்று கேள். அந்தக் கேள்விக்குத் தன் செயலால் பதில் சொன்னவர் மட்டுமே உன் வாக்குக்கு உரியவர்.

அன்புடன்,
உன் அண்ணன்