ஊக்க உரையாடல் அறிந்த இணையவழி ஆலோசகரைத் தேடுதல்

உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கி வைத்துக்கொள்ளும் சிறிய புகையிலைப் பை, மேல்நிலை வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்கள் பலருக்கும் இன்று தெரிந்த பொருள்தான். புகை வராது. வாசனை புதினா மிட்டாய் போல இருக்கும். பாடம் நடக்கும்போதே வாயில் இருந்தாலும் கண்டுபிடிப்பது கடினம். தமிழ்நாட்டில் குட்கா வகைகளுக்கு 2013 மே மாதம் தடை விதிக்கப்பட்டது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கடைக்காரரிடம் பேசுவதற்கு இவை போதும். ஏற்கெனவே பழகிவிட்ட மாணவனிடம் எப்படிப் பேசுவது என்பது வேறு கேள்வி.

நாம் வழக்கமாகச் செய்வது அறிவுரை. பெற்றோரை அழைத்துவரச் சொல்வதும் அறிவுரையின் நீட்சிதான். புற்றுநோய் வரும், படிப்பு கெடும், அப்பா அம்மா பாவம் என்று நாம் சொல்லும் மூன்று காரணங்களும் அவனுக்குத் தெரியாதவை அல்ல. நாம் விடச் சொல்லி வாதாடும்போது, மறுதரப்புக்காகப் பேசும் வேலை அவனுக்கு வந்துவிடுகிறது. வாயைத் திறந்து மறுத்துப் பேசாவிட்டாலும் மனத்துக்குள் அதைத்தான் செய்துகொண்டிருப்பான்.

இந்த இடத்திலிருந்து தொடங்கியவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். 1982இல் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகில் இருந்த மதுச் சிகிச்சை மையம் ஒன்றில் இளம் உளவியலாளர்களுக்கு அவர் உரையாடலை நடித்துக் காட்டியபோது, அவர்கள் இடைமறித்து இடைமறித்து, ‘இப்போது ஏன் இதைக் கேட்டீர்கள்? வேறு ஒன்றை ஏன் கேட்கவில்லை?’ என்று வினவினார்கள். அவற்றுக்கு விடை சொல்லப்போய், தான் என்ன செய்கிறோம் என்பதையே அவர் எழுதிப் பார்க்க வேண்டியதாயிற்று. 1983இல் கட்டுரை வந்தது. 1991இல் வேல்ஸ் நாட்டில் பணிபுரிந்த ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து நூல் வெளியிட்டார். அதன் நான்காம் பதிப்பு 2023இல் வந்திருக்கிறது. முறைக்குப் பெயர் ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்’. நேர்காணல் என்றால் நம் மாணவர்களுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வுதான் நினைவுக்கு வரும் என்பதால் இக்கட்டுரையில் ஊக்க உரையாடல் என்றே குறிப்பிடுகிறேன்.

இதன் அடிப்படை எளிது. பழக்கத்தில் சிக்கியவருக்குள் விட வேண்டும், விட முடியாது என்ற இரண்டு குரல்களும் சேர்ந்தே இருக்கின்றன. மாறுவதற்கான காரணத்தை ஆலோசகர் சொல்லக் கூடாது. அவர் வாயிலிருந்தே அது வர வேண்டும், அவர் காதாலேயே அவர் அதைக் கேட்க வேண்டும். திறந்த கேள்வி, ஏற்கெனவே உள்ள முயற்சியைப் பாராட்டல், சொன்னதன் பொருளைத் திருப்பிச் சொல்லல், இடையிடையே தொகுத்துச் சொல்லல் ஆகிய நான்கும் கருவிகள். தவறைக் கண்டதும் திருத்தத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதுதான் இதில் மிகக் கடினம் என்கிறார்கள். சிவப்பு மைப் பேனாவோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட நமக்கு அந்தக் கடினம் இன்னும் அதிகம்.

ஒரு சிறு உதாரணம். ‘இதை விட வேண்டும் என்பது உனக்கு எவ்வளவு முக்கியம்? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்’ என்று கேட்கிறோம். மாணவன் 4 என்கிறான். ‘ஏன் 4? ஏன் 8 இல்லை?’ என்று கேட்டால் சாக்குகள் வரிசையாக வரும். ‘ஏன் 4? ஏன் 1 இல்லை?’ என்று கேட்டால், அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்லத் தொடங்குவான். கேள்வியில் மாறியது ஓர் எண் மட்டுமே.

ஏன் இணையவழி?

மன்னார்குடியில் நான் பணிபுரியும் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், “யார்கிட்டயாவது பேசணும் சார், ஆனா இந்த ஊர்ல வேணாம்” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மருத்துவமனை வாசலில் காலையில் நின்றால் மாலைக்குள் பந்தலடி வரை செய்தி போய்விடும் ஊர் இது. தந்தை கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். சம்பா அறுவடை நேரத்தில் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ வாரம் ஒருமுறை அழைத்துப் போக அந்த வீட்டில் ஆள் இல்லை.

இதே திருவாரூர் மாவட்டத்தில், குடவாசல் பக்கம் இருக்கும் மஞ்சக்குடி என்ற சிற்றூர் மதுப்பழக்கச் சிகிச்சை வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. சென்னையில் 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், நோயாளிகள் சென்னைக்கு வரட்டும் என்று காத்திராமல் மஞ்சக்குடியில் முகாம் நடத்தினார். அந்த அனுபவம் 1994இல் ‘அடிக்ஷன்’ என்ற பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது. ஊரும் குடும்பமும் அறியச் சிகிச்சை நடந்தது அதன் பலம். குடியை நிறுத்த வந்த குடும்பத் தலைவருக்கு ஊர் அறிவது துணையாகலாம். பதினாறு வயதுப் பையனுக்கு அது பெயர் கெடுவதில் முடியும். சிகிச்சை ஊருக்கு வர வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. இவனுக்கு அது சத்தமில்லாமல் வர வேண்டியிருந்தது.

தேடும்போது நேரும் குழப்பம்

‘மோட்டிவேஷன்’ என்ற சொல்லைத் தமிழில் இட்டுத் தேடினால் வருபவர்கள் பெரும்பாலும் மேடைப் பேச்சாளர்கள். தன்னம்பிக்கை உரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் பள்ளி விழாக்களுக்கும் அழைக்கிறோம். ஆனால் ஊக்க உரையாடல் அதற்கு நேர் எதிரான தொழில். அங்கே ஒருவர் பேச நூறு பேர் கேட்பார்கள். இங்கே ஆலோசகர் கேட்க, வந்தவர் பேச வேண்டும்.

இரண்டாவது குழப்பம் தகுதி பற்றியது. ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொண்டவர் எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொன்னால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் அவருக்குப் பதிவெண் இருக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையானவர்கள் உடனே தந்துவிடுகிறார்கள். ஊக்க உரையாடல் தெரியுமா என்பதைப் பதிவெண் சொல்லாது. இந்த முறையின் பயிற்றுநர்களுக்கு உலகளாவிய கூட்டமைப்பு ஒன்று உண்டு. அது பயிற்றுவிப்பவர்களின் கூட்டமைப்பே தவிர, ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு அல்ல. ஆகவே ‘சான்றிதழ் பெற்றவர்’ என்ற விளம்பரத்தைக் கண்டால், யார் தந்தது, எத்தனை நாள் பயிற்சி, அதன் பிறகு உங்கள் உரையாடலை யாராவது கேட்டுக் கருத்துச் சொன்னார்களா என்று கேட்கலாம். கடைசிக் கேள்வி முக்கியமானது. மில்லரின் குழுவே 2004இல் வெளியிட்ட ஆய்வில், பயிலரங்கோடு நின்றுவிட்டவர்களைவிட, தொடர்ந்து பின்னூட்டமும் வழிகாட்டலும் பெற்றவர்களிடமே திறன் நிலைத்தது. பணியிடைப் பயிற்சிக்குப் போய்வந்து பழகிய நமக்கு இது வியப்பாக இருக்காது.

முதல் அழைப்பைக் கேட்டல்

மாணவனும் அவன் அம்மாவும் விரும்பியதால் முதல் அழைப்புகளின்போது நானும் உடனிருந்தேன். ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். வாய்ப்புற்றுநோய்ப் படங்களைத் திரையில் காட்டினார். எல்லாம் சரியான தகவல்களே. அந்த நாற்பது நிமிடத்தில் மாணவன் சொன்னது ‘சரிங்க சார்’ என்பது மட்டும்.

அடுத்த வாரம் வேறோர் ஆலோசகர். பழகிப்போன கதையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு மாணவன், “விடணும்னுதான் தோணுது மேடம். பசங்களோட நிக்கும்போது கை தானா போயிடுது” என்றான்.

“தனியா இருக்கும்போது உன்னால சமாளிக்க முடியுது. கூட்டத்துலதான் கஷ்டம்.”

“ஆமா மேடம். தனியா ரெண்டு நாள்கூட இருந்திருக்கேன்.”

“அந்த ரெண்டு நாள் எப்படி இருந்துச்சு?”

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. ஆலோசகரும் அந்த மௌனத்தை நிரப்ப முயலவில்லை. பிறகு சொன்னான்: “வாய் எரியல. வீட்ல வச்ச காரக்குழம்ப சாப்பிட முடிஞ்சுது.”

பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். சில மாதங்களாக மகன் குழம்பை ஒதுக்கிவிட்டுத் தயிரும் சோறுமாகச் சாப்பிடுவது அவருக்குத் தெரியும். காரணம் அன்றுதான் தெரிந்தது.

ஆலோசகர் கேட்டவற்றில் கேள்வி குறைவு. சொன்னதன் பொருளைத் திருப்பிச் சொன்னதே அதிகம். இதை அளப்பதற்கு ஆய்வாளர்கள் மதிப்பீட்டுக் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். பதிவு செய்த உரையாடலில், ஒரு கேள்விக்கு ஒரு திருப்பிச் சொல்லல் இருந்தால் ஓரளவு சரி, இரண்டு இருந்தால் நல்ல திறன் என்பது அதில் ஓர் அளவுகோல். நாம் பதிவு செய்யக் கூடாது, செய்யவும் தேவையில்லை. தாளில் இரண்டு பத்திகள் போட்டு, கேள்விக்கு ஒரு கோடு, திருப்பிச் சொன்னதற்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டு வந்தாலே தெரிந்துவிடும். அதைவிட எளிய சோதனை, யார் அதிக நேரம் பேசினார் என்று பார்ப்பது.

வாய் எரிச்சல் என்று அவன் சொன்னதும் ஆலோசகர் உரையாடலை அத்தோடு நிறுத்தி, பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும் என்றார். அதற்கு அவன் அனுமதியைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். புகையிலையும் பாக்கும் பழகிய வாயில் காரம் தாங்காமல் போவது, உள்தோலில் ஏற்படும் மாற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம். பேச்சினால் அதைச் சரிசெய்ய முடியாது.

இந்த முறை மந்திரக்கோல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். புகைபிடித்தலை நிறுத்துவதில் ஊக்க உரையாடலின் பயனை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, மற்ற உதவிகளைவிட இது மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. அப்படியிருந்தும் நான் இதைத் தேடியதற்குக் காரணம், எங்கள் மாணவனிடம் மற்றவை எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. அறிவுரையைக் கேட்டுக்கேட்டு உள்ளே மூடிக்கொண்டவனைப் பேசவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பேசினால்தானே அடுத்த உதவி எது என்று தீர்மானிக்க முடியும்?

கட்டணமில்லா வழிகள்

தனியார் ஆலோசகருக்குக் கட்டணம் செலுத்த முடியாத வீடுகளே நம்மிடம் அதிகம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழில் பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356. புகையிலைப் பொட்டலத்தின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். மாணவன் அன்றாடம் கிழித்தெறியும் உறையிலேயே இருக்கிறது என்பதை வகுப்பில் ஒருமுறை சொல்லிவைக்கலாம். எடுப்பவர் ஊக்க உரையாடலில் தேர்ந்தவரா என்பது ஆளைப் பொறுத்தது. ஆனால் கேட்கத் தெரிந்தவரா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருமுறை சரியாக அமையாவிட்டால் மறுநாள் மீண்டும் அழைப்பதில் தவறில்லை.

பதினெட்டு வயது நிறையாத மாணவர் மருத்துவரோடு தொலைவழியில் பேச வேண்டுமானால், பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள். ஆலோசகரிடம் பேசும்போதும் பெற்றோரின் சம்மதத்தை முதலிலேயே பெற்றுவிடுவது நல்லது. எதை ரகசியமாக வைப்பார், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் ஆலோசகர் தொடக்கத்திலேயே மாணவனுக்குத் தெளிவாக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தாலோ அவரால் மௌனமாக இருக்க முடியாது. இதைச் சொல்லாமல் ‘எல்லாம் ரகசியம்’ என்று வாக்களிப்பவரை நான் தவிர்ப்பேன்.

இடவசதி பற்றி ஒரு வார்த்தை. ஓரறை, ஈரறை வீடுகளில் தனியாகப் பேச இடம் இருக்காது. எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரின் அனுமதியோடு, மாலை 4.30க்கு மேல் இயற்பியல் ஆய்வகத்தின் உள்ளறையைத் தந்தோம். காதில் பொருத்தும் ஒலிப்பான் இருந்தால் மறுமுனைப் பேச்சு வெளியே கேட்காது. முதல் அழைப்புக்குப் பிறகு நான் உள்ளே இருப்பதில்லை. அம்மா ஆய்வகத்தில் இருப்பார், நான் வராந்தாவில் விடைத்தாள் திருத்துவேன். அழைப்பு முடிந்து மாணவன் வெளியே வரும்போது ‘என்ன சொன்னாங்க?’ என்ற கேள்வி நம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைக் கேட்பதில்லை என்று அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அடுத்த அழைப்பு எந்த நாள், அன்று மின்வெட்டு ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்பதை மட்டும் பேசிக்கொள்கிறோம்.